வெள்ளிக்கிழமைக் கோடுகள்

பத்துக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மூன்று விரிசல் விட்டது. எஃகுக்கு நாய் படாத பாடு படவேண்டியிருந்த யுத்த காலம். உத்தமபாளையத்து அப்துல் காதர் ராவுத்தர், பழைய லாரி வில்பட்டையும் தண்டவாளத் துண்டும் வாங்கி, மலைத் தோட்டங்களுக்குச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒச்சாண்டி, ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா. எந்தச் செவப்புல தண்ணியில விடணும்னு தெரியல. இன்னும் ரெண்டு மாசம், அப்புறம் வேற ஆளு பாக்குறேன்" என்றார் தன் பட்டறைக் கொல்லனிடம்.

அன்று ஒச்சாண்டி சோற்றைத் தொடவில்லை. துருத்தி ஊதும் அவன் மனைவி ராஜாத்திக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அரை மைல் தள்ளி மாமியார் வரும்போதே அவளை உஷார்ப்படுத்துகிற கண்ணா மங்கிவிட்டது?

அவளுக்கு எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும். கத்திக்கு ஒரு கரிக்கோடு. விரிசல் விட்டால் குறுக்கே ஒரு வெட்டு. முதலில் இரும்பு வாரியாகப் பிரித்தாள்; பட்டையும் தண்டவாளமும் ஒரே கணக்கில் விரிந்தன. சம்மட்டி அடித்த ஆள் வாரியாகப் பிரித்தாள், ஒன்றும் தேறவில்லை. பிறகு கிழமைக்கு ஒரு வரிசை போட்டாள். நாலு வாரத்தில் வெள்ளிக்கிழமை வரிசை வெட்டாக நிறைந்துவிட்டது. சனி கொஞ்சம் குறைவு. வியாழனில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"நான் தொழுகைக்குப் போன நேரம் மெத்தனமா இருந்திருப்பீக!" என்றார் கோடுகளைப் பார்த்த ராவுத்தர்.

"அப்ப சனிக்கெழம ஏன் விரியுது? அன்னைக்கு நாள் பூரா இங்கனதான இருக்கீக?"

ராஜாத்தி துருத்தியை ஊதிக்கொண்டே யோசித்தாள். வெள்ளிக்கிழமை புதிதாக என்ன நடக்கிறது? கத்தி தோய்க்கும் தொட்டித் தண்ணீரை மாற்றுகிறார்கள். அப்புறம்... ராஜாத்தியின் கை துருத்தியிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் அவள்தான் புருஷனுக்குக் கண்ணேறு கழிய உப்பைச் சுற்றி அந்தத் தொட்டியில் கரைக்கிறாள்! விரிசல் கூடக் கூட, கைப்பிடி உப்பு ஒரு படியாகியிருந்தது. உப்புத் தண்ணீர் சூட்டை வெடுக்கென்று உறிஞ்சிக் கத்தியை விரித்துவிடும். ஒழுகல் தொட்டி, தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற ஊற்ற வியாழனுக்குள் உப்பு போய்விடும்.

அடுத்த வாரம் உப்பை நிறுத்தினாள். அறுபது கத்தியில் இரண்டுதான் விரிந்தன.

"ராவுத்தரய்யா, கத்திய ஒடச்ச ஆளு கெடச்சாச்சு. நாந்தேன்!"

கதையைக் கேட்ட ராவுத்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒச்சாண்டி, நீ எங்கனயும் போகக் கூடாதுப்பா. நாந்தேன் தப்பாச் சொல்லிட்டேன்."

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. உலையிலிருந்து ஒரு கத்தியை இடுக்கியால் உருவி முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இந்தச் செவப்புத்தேன் ராஜாத்தி! அன்னைக்கும் இதத்தேன் பாத்தேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான்.