ஜரிகைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஜரிகை யாரையும் துரத்தாது. பால்காரரின் மொபெட், பள்ளிக்கூட ஆட்டோ, சிலிண்டர் ஏற்றிவரும் வண்டி எல்லாம் அதன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித்தான் போய்வரும். படுத்த இடத்தில் ஒரு காதை மட்டும் திருப்பும். ஆந்திர எல்லையோர ஊரான நகரியின் தறிக்காரர் தெருவில் அது துரத்திய மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அது ஆதிகேசவனுடையது.

ஆதிகேசவன் சாதாரண ஆள் என்றால் இதை விதி என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் திருப்பதிப் பக்கம் ஒரு செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் 'ரைடர் பிஹேவியர்' பயிற்சியாளர். வேலைக்கு பைக்கில் வருகிறவர்களுக்கு பைக்கில் எப்படி வருவது என்று சொல்லித்தருவது அவர் உத்தியோகம். ஆன்லைனில் எழுதி வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். முழங்காலுக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், சித்தூர் ஜில்லா வெயிலில் ஒரு தோல் ஜாக்கெட், கழுத்து வரை மூடுகிற ஹெல்மெட். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு காலையில் அவர் வாசலில் வந்து நின்றால், எதிர்வீட்டு தாட்சாயணி, "மாப்ள, சந்திரனுக்கா, புத்தூர் வழியாவா?" என்று கேட்பாள்.

கம்பெனியில் அவர் நடத்தும் வகுப்புகளிலேயே பெயர்போனது, 'சாலையில் நாய்களை எதிர்கொள்வது எப்படி' என்பதுதான். மூன்று விதிகள். ஒன்று, வேகத்தைக் கூட்டாதே. இரண்டு, அதன் கண்ணைப் பார்க்காதே. மூன்று, கையை நீட்டி அது போக வேண்டிய திசையைக் காட்டி, உறுதியான குரலில் ஆங்கிலத்தில் அதட்டு. ஏன் ஆங்கிலம் என்று யாராவது கேட்டால், "அது கமாண்ட் லாங்குவேஜ்" என்பார்.

மூன்று விதிகளையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்த ஒரே மனிதரை ஜரிகை தினமும் தெருமுனை வரை துரத்தியது. இரண்டு பேன்ட்டுகளின் கீழ்விளிம்பு அதன் பல்லில் போயிற்று.

ஆதிகேசவனுக்கு முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது. நாய்க்குத் தன்மேல் சொந்தமாகக் கோபம் இருக்க முடியாது. தன்மேல் யாருக்குத்தான் கோபம் இருக்க முடியும்? ஆகவே யாரோ தூண்டிவிடுகிறார்கள். யாரோ என்ன யாரோ. உதயாதான்.

உதயா அவருடைய மச்சினன், மனைவி வரலட்சுமியின் தம்பி. வீடு மாமனாருடையது. அவர் போன பிறகு முன்பக்கம் வரலட்சுமிக்கு, பின்பக்கக் கொட்டகையில் உதயாவின் இரண்டு பவர்லூம். திருப்பதியில் பிறந்து, அபார்ட்மென்ட்டில் வளர்ந்து, வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பள்ளியில் ஆங்கிலமுமாக ஆளான ஆதிகேசவன், வாடகை மிச்சம் என்று நகரிக்குக் குடிவந்திருந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. அவர் காதுபட.

வந்த இடத்தில் அவருக்கு ஒரு கனவு பிறந்தது: 'ஆதி ரைடர்ஸ் அகாடமி.' கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் சான்றிதழ். இடம்? பின்பக்கக் கொட்டகை. உதயாவிடம் சொன்னார். உதயா தறியை நிறுத்தாமலே, "தறிய எங்க மாமா வெச்சிக்கிறது? தரையில சிமென்ட் போட்டு முடுக்கிக் கீது. கழட்டினா அப்பால இரும்புக் கடைக்குத்தான்" என்றான். வேறு கொட்டகை பிடிக்க அவனுக்கு வழியில்லை என்பது தெருவுக்கே தெரியும். பேச்சு அதோடு நின்றது. அந்த வாரம்தான் ஜரிகை முதன்முதலாகத் துரத்தியது. அந்த வாரம்தான் ஆதிகேசவன் பைக்கில் ஆபீஸ் போக ஆரம்பித்தார் என்பதும் உண்மை. ஆனால் சந்தேகப்படுகிறவருக்கு அந்த மாதிரி உண்மைகள் கண்ணில் படாது.

சாட்சியங்கள் தாமாகவே வந்து குவிந்தன. ஜரிகை உதயாவின் தறிக்கடியில்தான் தூங்குகிறது. உதயா டீயில் நனைத்த பன்னில் பாதியை அதற்குப் போடுகிறான். முதுகில் மஞ்சள் கோடு ஓடுகிற அந்த நாய்க்கு ஜரிகை என்று பெயர் வைத்ததே அவன்தான். நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக்கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற நாட்களில், ஆடுகள் வந்து அந்தப் பாவு நூலைக் கடிக்காமல் விரட்டுவது அதன் வேலை. பழக்கினவர்கள் உதயாவும் தாட்சாயணியும். ஆட்டை விரட்டப் பழக்கியவன் ஆளை விரட்டப் பழக்க மாட்டானா?

ஆதிகேசவன் காதைத் தீட்டிக்கொண்டார். நாயை ஏவ வேண்டுமானால் 'உஸ்கோ' என்று சொல்ல வேண்டும். திருப்பதியில் எந்தத் தெருவிலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஒரு சொல் உதயா வாயிலிருந்து விழுந்தால் போதும். ஒரு காலையில் தன் போனை மாடிச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுக்கவிட்டுக் கிளம்பினார்.

மாலையில் பார்த்தார். உதயா கொட்டகை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஜரிகை தூங்குகிறது. பைக் வருகிறது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்ன சத்தம் வருகிறது என்பது படத்தில் கேட்கவில்லை; இடக்கை மட்டும் தெருமுனையை நோக்கிக் கம்பீரமாக நீள்கிறது. ஜரிகை துள்ளி எழுகிறது. துரத்துகிறது. உதயா வாயே திறக்கவில்லை. திறந்தால் நுரைதான் வந்திருக்கும்.

நான்காவது முறை ஓட்டிப் பார்த்தபோது ஆதிகேசவன் கண்டுபிடித்துவிட்டார். பைக் திரும்புகிற சமயத்தில் உதயா பிரஷ்ஷை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுகிறான்.

"சிக்னல்" என்றார் வரலட்சுமியிடம்.

"இன்னா சிக்னலு?"

"பிரஷ்ஷை மாற்றுகிறான் பார். லெஃப்ட் ஹேண்ட் வந்தால் அட்டாக்."

வரலட்சுமி போனை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தப் பக்கத்துப் பல்ல தேச்சிக்கினு கீறான். உங்களுக்கு நாய் பைத்தியம் புடிச்சிக்கீது."

மனைவியும் அந்தக் கட்சி என்று ஆதிகேசவன் குறித்துக்கொண்டார்.

கம்பெனியிலும் நிலைமை சரியில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் வருகிற பையன்களுக்கு அந்த வாரம் வகுப்பு எடுத்தார். முதல் இரண்டு விதிகளுக்கு ஒழுங்காகத் தலையாட்டினார்கள். மூன்றாவது விதியும் அதட்டும் சொல்லும் திரையில் வந்ததும் பின்வரிசை குலுங்கிச் சிரித்தது. தீனா என்கிற பையன் கையைத் தூக்கினான்.

"சார், அந்த வார்த்த மட்டும் வேணாம் சார். எங்க ஊரு நாயிங்க கிட்ட சொன்னா..."

"நாய்க்கு ஊர் கிடையாது தீனா. டாக் சைக்காலஜி உலகம் முழுக்க ஒன்றுதான். கேள்விகள் கடைசியில்."

கடைசியில் நேரம் இல்லை. ஆனால் பையன்கள் சிரித்தது ஏன்? உதயாவுக்குத் திருத்தணியில் நூல் கடை பழக்கம் உண்டு. சங்கதி கம்பெனி வரைக்கும் பரவியிருக்கிறது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஆதிகேசவன் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் மூன்றாவது பேன்ட்டும் போனதும், பெரியவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பெரியவர் ஜெயச்சந்திரன், வரலட்சுமிக்கும் உதயாவுக்கும் பெரியப்பா. விஜயபுரத்தில் ஒருகாலத்தில் வார்டு மெம்பர். பதவி போய் வருஷக்கணக்கான பிறகும் பஞ்சாயத்து என்றால் தெலுங்கில்தான் தொடங்குவார். போனில் விஷயத்தைக் கேட்டதும், "ருஜுவு ஏதி?" என்றார். சாட்சி என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

"ஞாயிற்றுக்கிழமை கண் முன்னால் நிரூபிக்கிறேன் மாமா. ஆனால் இப்போதே ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். சொந்தக்காரன் மேல் நாயை ஏவுகிறவன் இந்தக் காம்பவுண்டில் இருக்கக் கூடாது. சரிதானே?"

"சரிதான். அந்த மாதிரி ஆளுக்கு இங்க எடமில்ல."

உதயாவும் ஒத்துக்கொண்டான். ஏவாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்தான். அன்று இரவு தூக்கம் வராமல் போய் தறிகளுக்கு எண்ணெய் விட்டான். வரலட்சுமி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, காலையில் புருஷனுக்கு இரண்டாவது தோசை வைக்கவில்லை.

ஞாயிறு காலை முற்றத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். நடுவில் இருந்த மர நாற்காலி பெரியவருக்கு. முன்னாலேயே வந்து காத்திருந்தால் பெரியவரின் பெரியதனம் என்னாவது? எல்லோரும் கூடிய பிறகும் அவர் வரவில்லை. தாட்சாயணி வெற்றிலை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். கதவோரம் அன்று காலை வந்திறங்கிய நூல் மூட்டைகள். நடு முற்றத்தில், தன்மேல்தான் விசாரணை என்பது தெரியாமல் ஜரிகை மல்லாந்து கிடந்தது.

ஆதிகேசவனுக்குப் பொறுக்கவில்லை. பெரியவர் வருவதற்குள் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எழுந்தார்.

"எல்லாரும் கவனியுங்கள். நான் சொல்வது சிம்பிள் லாஜிக். இந்த நாய் தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. என் மெத்தட்படி அதட்டினால் எழுந்து வெளியே போய்விடும். தினமும் போகாமல் என்மேல் பாய்கிறது என்றால், அங்கே ஒருவன் சிக்னல் கொடுக்கிறான். இப்போது அந்த ஒருவன் என் கண் முன்னால் இருக்கிறான். உதயா, கையைப் பின்னால் கட்டு."

உதயா கட்டினான்.

"வாயை மூடு."

"மூடிக்கினுதான் மாமா..."

"மூடு!"

மூடினான்.

"ஹெல்மெட்ட மாட்டிக்க மாப்ள, எதுக்கும்" என்றாள் தாட்சாயணி.

"தேவையில்லை. இன்றைக்குத் தூண்டிவிட ஆளில்லை." ஆதிகேசவன் ஜரிகைக்கு முன்னால் வந்து நின்றார். வகுப்பில் நிற்பதுபோல் கால்களை அகட்டிக்கொண்டார். கண்ணைப் பார்க்கவில்லை. வலது கையை நேராக வெளிக்கதவை நோக்கி நீட்டினார். அவர் ஜரிகையிடம் தினமும் சொல்லிவந்த அந்த ஆங்கிலச் சொல்லை, முதன்முறையாக ஹெல்மெட் இல்லாமல், தெருவே கேட்கும்படி சொன்னார்.

"ஷூ! ஷூ! ஷூ!"

தாட்சாயணி மென்றுகொண்டிருந்த வெற்றிலையை நிறுத்தினாள். வரலட்சுமி, "அய்யோ, இன்னாத்துக்கு சூ காட்டறீங்க!" என்று எழுந்தாள். அதற்குள் ஜரிகை எழுந்துவிட்டது. காதுகள் நிமிர்ந்தன. ஆடு வரும்போது உதயா 'சூ' என்று சொல்லிக் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறானோ அந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதுதான் அது படித்த ஒரே பாடம். நீட்டிய கையைப் பார்த்தது. கை காட்டிய திசையைப் பார்த்தது.

கதவுக்குள் ஒரு ஸ்கூட்டர் திரும்பிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பெரிய நாமம். ஜெயச்சந்திரன்.

பிறகு நடந்ததை அவர் மரியாதை கருதிச் சுருக்கிச் சொன்னால், ஸ்கூட்டர் ஒரு பக்கம் சாய்ந்தது, பெரியவர் அந்த வயதில் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் நூல் மூட்டைமேல் ஏறினார், வேட்டியின் நுனி ஜரிகையின் வாயில் இருந்தது. தாட்சாயணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏய் ஜரிக, வுடு!" என்றாள். ஜரிகை உடனே விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு ஆதிகேசவனிடம் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தது. இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறேனே, ஒரு பன் கிடையாதா என்கிற பார்வை.

மூட்டைமேல் நின்றபடியே பெரியவர் வேட்டியை இழுத்துக் கட்டினார். "எவன்டா சூ காட்டனது?"

அவர் பார்வை முற்றத்தைச் சுற்றிவந்து உதயாமேல் நின்றது.

"உதயா! நீ சொல்லுடா."

உதயா கையைப் பின்னால் கட்டியபடி, வாயைத் திறக்கலாமா என்று ஆதிகேசவனைப் பார்த்தான்.

"அவன இன்னாத்துக்குப் பாக்கறே? நான் கேக்கறேன், சொல்லு!"

"மாமாதான், பெரிய நைனா."

"இன்னான்னு சொன்னாரு?"

"சூன்னு."

"அது சூ இல்லை!" ஆதிகேசவன் ஓடிவந்தார். "ஷூ! இங்கிலீஷ்! போ என்று அர்த்தம், கெட் அவுட் என்று அர்த்தம்!"

பெரியவரின் முகம் இன்னும் சிவந்தது. "ஓஹோ. நான் உள்ள வரச்சொல்ல, கைய நீட்டி, போன்னு சொல்றே?"

"உங்களை இல்லை மாமா, நாயை..."

"நாயிகிட்ட எவனாச்சும் இங்கிலீஷ் பேசுவானா?"

தினமும் ஹெல்மெட்டுக்குள் தானே 'சூ' காட்டிக்கொண்டு, தன்னைத் தானே தெருமுனை வரை துரத்தவிட்டிருக்கிறார் மாப்பிள்ளை என்பது தாட்சாயணிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். முதுகு மட்டும் குலுங்கியது. உதயாவுக்கும் விளங்கிவிட்டது. பெரியவருக்கு விளக்கிச் சொல்லலாமா என்று யோசித்தான். தன் தறிகளைப் பார்த்தான். வாயை மூடு என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்தது.

பெரியவர் மூட்டையிலிருந்து இறங்கி மர நாற்காலியில் உட்கார்ந்தார். "ருஜுவு ஆயிந்தி" என்றார். நிரூபணமாகிவிட்டதாம். "கொட்டா உதயாவுக்குத்தான். இனிமே அதப் பத்தி எவனும் பேசக் கூடாது. அப்பறம், நாய ஏவறவன் இந்தக் காம்பவுண்டுல இருக்கக் கூடாதுன்னு பேச்சு. யாரு சொன்ன பேச்சு?"

ஆதிகேசவன் சிவப்பு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க பெரிய நைனா" என்றாள் வரலட்சுமி. "எங்க போவாரு? ஒரு ஓரமா இருந்துட்டுப் போறாரு."

மறுநாள் காலை ஆதிகேசவன் கவசங்களை மாட்டிக்கொண்டு வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். திறக்கவில்லை. கையையும் நீட்டவில்லை. பைக் மெதுவாக ஜரிகையைக் கடந்தது. அது ஒரு காதைத் திருப்பிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

தெருமுனையில் பைக் நின்றது. ஆதிகேசவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் துரத்திய நாய் இன்றைக்கு மட்டும் ஏன் துரத்தவில்லை? எல்லாம் அந்த ஒரு சொல்தான் என்று ராத்திரியெல்லாம் வரலட்சுமி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு சுலபமாக இருந்துவிடுமா?

கொட்டகை வாசலில் உதயா பல் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிரஷ் வலது கையிலேயே இருந்தது.

"ம்" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார் ஆதிகேசவன். "அதானே பார்த்தேன்."