கலைக்காத ஆட்டம்

அம்மாவின் விளையாட்டுப் பெட்டிகளுக்கு வீடு தேடுகிறேன் என்று சொன்னதும் தம்பி போனில் சிரித்தான்.

"பொண்ணா கட்டிக் குடுக்கப் போற? மொத்தமா எடுத்துக்கிற ஆள் யார்கிட்டயாவது தள்ளி விட்டுட்டு வேலையைப் பாருக்கா."

அவனுக்கென்ன. காரியம் முடிந்த கையோடு விமானம் ஏறிப் போய்விட்டான். சாவி என்னிடம். மாதக் கடைசிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்து வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. மிச்சம் நின்றது முன்னறைச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும் அம்மா அடுக்கி வைத்திருந்த பெட்டிகள். ரயில் பாதை போடுகிற ஆட்டம், தீவு பிடிக்கிற ஆட்டம், விருந்துக்கு வந்தவர்களில் கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்கிற ஆட்டம். பாதிக்கு மேல் பழைய சாமான் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை.

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். எந்தப் பெட்டி வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காய்களையும் சீட்டுகளையும் எண்ணுவாள். அப்புறம் எல்லாவற்றையும் நிறம் பிரித்து, சிவப்பு மூடி போட்ட சாம்பிள் டப்பாக்களில் போட்டுவிடுவாள். புது டப்பாக்கள்தான். ஆனாலும் முதல் முறை வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள். ஏதாவது காய் குறைந்தால் அதற்குப் பதில் கையில் கிடைத்ததை வைப்பாள். ரயில் ஆட்டத்தில் ஓர் எஞ்சின் என் பள்ளிக்கூடச் சட்டையின் பொத்தான்.

முதலில் வந்தவர் தம்பி அனுப்பிய காபிக் கடை முதலாளி. சுவரைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியே தூக்கிட்டுப் போய் எங்க சுவத்துல அடுக்கிடறேன் மேடம். கலர் கலரா அம்சமா இருக்கும்."

"ஆடுவாங்களா?"

"போட்டோ எடுப்பாங்க."

வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மரியாதையாகத்தான் விட்டேன் என்று நான் சொல்கிறேன், மரியாதை போதாது என்று அவர் என் தம்பிக்குப் போன் செய்து சொன்னாராம். தம்பி என்னைப் பிடித்து வறுத்தெடுத்தான். நானும் சும்மா விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் பெட்டி கேட்டு வந்தாலும் உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தன் இரண்டு பெண்களோடு வந்தாள். மூவரும் போட்ட சண்டையில் மாடிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அவர்களுக்கு ஆறேழு பெட்டி கொடுத்தேன். பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்குக்கு என்று கேட்டு வந்தார். என்னிடம் தோற்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருக்கும் கொடுத்தேன். தோற்றால் கோபம் வருகிறவர்கள்தான் ஒழுங்காக ஆடுகிறவர்கள் என்பது அம்மாவின் கட்சி. அவளே அப்படித்தான். ஆட்டம் என்று உட்கார்ந்துவிட்டால் பெற்ற பிள்ளை, பக்கத்து வீடு என்று எந்த தாட்சண்யமும் கிடையாது. எனக்கு ஜுரம் அடித்த நாளில்கூட என்னைத் தோற்கடித்துவிட்டுத்தான் மாத்திரை கொடுத்தாள்.

இப்படியே சுவர் மெல்ல மெல்ல வெறுமையானது. நான் தொடாமல் விட்டது சாப்பாட்டு மேசையை மட்டும்தான்.

மேசையில் ஒரு ஆட்டம் விரித்தபடி கிடந்தது. நானும் அம்மாவும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம். நடுவில் கடல், சுற்றிலும் தீவுகள். கப்பல்களை அனுப்பிச் சரக்கு ஏற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும். தன் கப்பல்கள் அத்தனையும் வீடு திரும்பியிருக்கும்போது யார் துறைமுகச் சீட்டை இறக்குகிறாரோ அவருக்கு வெற்றி, அத்தோடு ஆட்டம் முடிந்தது. முறை வரும்போதெல்லாம் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்து ஒரு சீட்டு கழிக்க வேண்டும். கட்டு தீர்ந்தால் கழித்ததைக் குலுக்கி மறுபடி வைக்கலாம். மொத்தக் கட்டிலும் துறைமுகச் சீட்டு ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்று எங்களுக்கு வரவேயில்லை. ஒரு மாலையில் முடிய வேண்டிய ஆட்டம் மாதக்கணக்கில் இழுத்தது. கட்டைத் திரும்பத் திரும்பக் குலுக்கியும் அது தலைகாட்டவில்லை. "பழைய பெட்டிதானே, அந்தச் சீட்டே தொலைஞ்சு போயிருக்கும்" என்பேன். "இருந்தாலும் இருக்கும்" என்பாள் அம்மா. "கலைச்சிடலாமா?" என்றால் முறைப்பாள். ஆரம்பித்த ஆட்டத்தைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விருந்தாளி வந்தாலும் பாயைத்தான் நகர்த்துவோம், பலகையை நகர்த்த மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "மேசை பூரா கப்பலா நிக்குது. நான் தட்டை மடியில வச்சுச் சாப்பிடுறேன். எப்ப வர்ற?" அலுத்துக்கொண்டே கிளம்பிப் போவேன். அந்த ஆட்டத்துக்கு முன்னாலெல்லாம் போகத் தோன்றினால் போவேன், இல்லாவிட்டால் இல்லை. அது வந்த பிறகு ஒரு ஞாயிறுகூடத் தப்பவில்லை. போனால் ஆட்டம் கொஞ்சம், பேச்சு நிறைய. என் வேலை, முழங்கால் வலி, தம்பி போன் செய்கிறானா இல்லையா, எதிர்வீட்டுக்காரி வாங்கிய திரைச்சீலை. இருட்டுவதற்குள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஒரு புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேசையில் அடுத்த முறை அம்மாவுடையது. அவள் சீட்டுகள் அவள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன.

நான் அவற்றைப் பார்க்கவில்லை. எதிராளியின் கையைப் பார்ப்பது கள்ள ஆட்டம். இந்த ஆட்டத்தை ஒழுங்காக முடித்து, ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் பெட்டிக்குள் போட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அதுவரை அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ பாக்கி இருக்கிறது போல ஒரு நினைப்பு. ஆட்டம் எப்போது முடியும் என்று தம்பிகூடக் கிண்டலாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆனால் அம்மாவின் கையை ஆட ஒரு ஆள் வேண்டுமே.

அதற்குத்தான் கஞ்சனைக் கூப்பிட்டேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வியாழக்கிழமைகளில் அம்மாவோடு ஆட வருகிற கோஷ்டியில் ஒருவர். ஆட்டத்தில் ஒரு காசு, ஒரு மரக்கட்டை என்று எதையும் கையைவிட்டு எளிதில் இறக்க மாட்டார் என்பதால் அம்மா வைத்த பெயர் அது. நேரில் கூப்பிட்டாலும் சிரித்துக்கொள்வார். தனக்கென்று ஒதுக்கியிருந்த பெட்டிகளை எடுத்துப் போகக் கடைசி நாள் காலையில் வந்தார். மத்தியானம் மேசையைத் தூக்கிப் போக ஆட்கள் வருவதாக இருந்தது.

"அங்கிள், ஒரு உதவி. அம்மா இடத்துல உக்காந்து இதை முடிச்சுக் குடுங்க."

அவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அம்மாவின் நாற்காலியில் உட்காரத் தயங்கி, பிறகு விளிம்பில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளை எடுத்து விரித்தார்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் காது பரிசோதனை செய்கிறவள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வேன். சிலர் கேட்டும் அமுக்க மாட்டார்கள். ஆனால் கேட்டது முகத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

கஞ்சனின் முகத்தில் அது தெரிந்தது. சீட்டுகளைப் பார்த்தார். பலகையில் அம்மாவின் கப்பல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்து, ஒன்றைக் கழித்துவிட்டு, அம்மாவின் கப்பல் ஒன்றை மெல்லக் கடலுக்குத் தள்ளினார்.

"எதுக்கு வெளிய அனுப்புறீங்க? எல்லாக் கப்பலும் வீட்டுலதானே நின்னுச்சு?"

கேட்ட பிறகுதான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. அம்மாவும் வாராவாரம் இதையேதான் செய்தாள். கப்பல்கள் எல்லாம் வந்து சேரும், உடனே ஒன்றைத் திரும்ப அனுப்புவாள். "எனக்கு வர்ற சீட்டைப் பாரு, விளங்குமா?" என்று சலித்துக்கொள்வாள். துறைமுகச் சீட்டுக்காகக் காத்திருக்கிறாள், பொழுது போகாமல் கப்பலை அலைய விடுகிறாள் என்று நான் நினைத்தேன். அது அவள் கையிலேயே இருக்கும் என்று நான் தலைகீழாக நின்றாலும் நினைத்திருக்க மாட்டேன். ஜெயிக்கிற சீட்டு வந்தால் மூச்சு விடுவதற்குள் இறக்குகிறவள் அவள்.

"அங்கிள், கையைக் காட்டுங்க."

"ஆட்டம் முடியலையேம்மா."

"காட்டுங்கன்னா."

அவர் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். கடைசியாக வைத்தது துறைமுகச் சீட்டு. மற்றவை விறைப்பாக இருந்தன. இது மட்டும் கட்டைவிரல் படுகிற மூலையில் துணி போலத் துவண்டு, அழுக்கேறி இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"பாருங்க அங்கிள், என்ன ஒரு அழுத்தம்! நான் எதிர்லயே உக்காந்திருக்கேன், மூச்சு விடலையே! வான்னு ஒரு வார்த்தை சொன்னா வர மாட்டேனா?"

"வந்திருப்பம்மா" என்றார் அவர். "ஒரு தடவை வந்திருப்ப. அவங்களுக்கு ஒரு தடவை போதலை போல."

நான் சீட்டின் அந்தத் துவண்ட மூலையைத் தடவிப் பார்த்தேன்.

"எங்ககிட்ட இப்படி இருந்ததே இல்லை" என்றார் அவர். "வியாழக்கிழமை வந்தா எங்களை உரிச்சு எடுத்துட்டுத்தான் விடுவாங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. செத்த அன்றுகூட இப்படி அழவில்லை. கஞ்சன் எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர் தேடினார். டம்ளரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஒரு சாம்பிள் டப்பாவைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். குடித்தேன். அம்மாவை இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போதும் போலிருந்தது. தோற்கக்கூடத் தயார்.

அவர் கடலில் விட்ட கப்பலை நான் திரும்பக் கொண்டுவந்து அதன் இடத்தில் நிறுத்தினேன். துறைமுகச் சீட்டை எடுத்துப் பலகையின் நடுவில் அம்மாவுக்காக வைத்தேன். ஆட்டம் முடிந்தது. இருவரும் சேர்ந்து காய்களைப் பிரித்து டப்பாக்களில் போட்டோம். பெட்டியை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"இதையும் எடுத்துக்கங்க. வியாழக்கிழமை ஆடுங்க."

"இதை நீ வச்சுக்கோம்மா."

"இதுக்கு ரெண்டு பேர் வேணும் அங்கிள்."

அவர் அந்தப் பெட்டியை என் பக்கமே திருப்பித் தள்ளினார். தன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, படியில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மேசைக்காரர்கள் வந்து மேசையையும் தூக்கிப் போனார்கள். நான் பெட்டியோடு தரையில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் செய்தேன்.

"முடிச்சிட்டியா? யார் ஜெயிச்சா?"

"அம்மா."

"அதான் தெரிஞ்ச கதையாச்சே" என்று சிரித்தான்.

சீட்டைப் பற்றிச் சொன்னேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அது அவள் கையில் இருந்திருக்கும், எப்படிக் கசங்கிக் கிடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ம் கொட்டிக்கொண்டே கேட்டான்.

"நீ எப்படா வர்ற?"

"பார்க்கணும்க்கா. இங்க வேலை தலைக்கு மேல இருக்கு."

எப்போதும் இந்த இடத்தில் "சரி, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வீம்பு.

"எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்குடா" என்றேன். "காரணம்லாம் ஒண்ணும் இல்லை. சும்மா வா."

சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை.