செக் வைக்காத ராணி

மோட்டார் பட்டறை ஃபிட்டருக்கும், டயர் கடை வைத்திருக்கும் அவர் தங்கை புருஷனுக்கும் அன்று சதுரங்கச் சங்கத்தில் லீக் ஆட்டம். சைக்கிள் கடைக்கு மேல்மாடி. மற்ற மேசைகளில் எல்லாம் முடிந்துபோய், ஆட்கள் இவர்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஃபிட்டருக்கு ஜெயிக்கிற எண்ணமே இல்லை. ஆட்டம் முடியாமல் இழுத்தால் போதும். அந்த நேரத்தில்தான் அவர் தங்கை, மகளையும் கைக்கு அகப்பட்ட துணிகளையும் எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பால் வண்டி டிரைவர் அவர்களை வெளியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மாடியேறி வந்து வாசலில் நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. அதுவரை இவன் வீட்டுப் பக்கம் போகக் கூடாது.

அவளுடைய இடது கையில் மாவுக்கட்டு. அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான் பாவி. சாத்தியது பத்தாதென்று காலால் வேறு உதைத்தான். அப்படி என்ன குற்றம் செய்தாள்? ஒன்றுமில்லை. கை முறிந்த அன்று இவன் சங்கத்தில் ஒரு தபால்காரரிடம் தோற்றுவிட்டு வந்திருந்தான், அவ்வளவுதான்.

சங்கத்தில் அவனுக்கு லக்கி என்று பெயர். காயை நகர்த்திவிட்டு, அதிலுள்ள தப்பு எதிராளி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற ரகம். ஆனால் ராணி போனாலும் யானை போனாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு எழ மாட்டான். கடைசிக் காய் இருக்கும்வரை ஏதோ அதிசயம் நடக்குமென்று நாற்காலியோடு ஒட்டிக்கொள்வான். ஃபிட்டர் தன் திட்டத்தை அந்த நப்பாசையின் மேல்தான் கட்டியிருந்தார்.

வந்த வினை, அன்று அவன் அநியாயத்துக்கு மோசமாக ஆடினான். குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தான், யானையைக் கொடுத்தான், கொடுத்துவிட்டு உதட்டைக் கடித்தான். எடுக்காமல் விட்டால் சுற்றி நிற்பவர்களுக்குச் சந்தேகம் வரும். எடுத்தால் ஆட்டம் முடிந்துபோகும். ஃபிட்டர் எடுத்தார். பிறகு செக்மேட் வைக்க வழி கிடைத்தபோதெல்லாம் கன்னத்தில் கை வைத்து யோசித்து, வேறெதையோ நகர்த்தினார். வாசலுக்கு யாரும் வரவில்லை.

கடைசியில் லக்கியிடம் மூலையில் ஒரு ராஜாவும், நகர வழியில்லாத ஒரு சிப்பாயும்தான் மிச்சம். செக் மட்டும் விழக் கூடாது, செக் விழக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஃபிட்டர் ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். ஆனைக்கும் அடி சறுக்கும். செக்கும் விழவில்லை, ராஜாவுக்குப் போக இடமும் இல்லை. அப்படியானால் ஆட்டம் டிரா, அங்கேயே முடிந்தது.

சங்கத்துச் செயலாளரான தையற்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். லக்கி மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். தான் முன்னமே எதிர்பார்த்ததுதான் என்றான், மச்சானைத் தோளில் தட்டினான், வீட்டுக்குப் போய் அவர் தங்கையிடம் இதை இப்பவே சொல்ல வேண்டும் என்று பைக் சாவியை எடுத்தான். ஃபிட்டர் வாசலைப் பார்த்தார், டிரைவரைக் காணோம். சுற்றி நின்றவர்களிடம் உண்மையைச் சொல்லி அவனைப் பிடித்து வைக்கச் சொல்லலாமென்றால், பேச்சு முடியுமுன் அவன் படியிறங்கி இருப்பான். சாதுவாக நிறுத்த அவரிடம் ஒரு வழியும் இல்லை.

இத்தனை வருஷமாக மாப்பிள்ளை, வாங்க, போங்க என்றே பேசிய வாய், அன்று முதல் தடவையாக மரியாதையை விட்டது.

"நீ டிரா பண்ணலடா. நான் விட்டேன். இதுவரைக்கும் என்கிட்ட நீ ஜெயிச்ச அத்தனையும் நான் விட்டது."

லக்கி நின்றான்.

"தோத்துட்டுப் போற அன்னிக்கு நீ அவள அடிப்பியேன்னுதான் விட்டேன். ஜெயிச்சுட்டுப் போயும் அடிச்சே. நாயே, என்னை அடிடா பாப்போம்."

முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது. டயர் கழற்றுகிற கையல்லவா! இரண்டாவதில் ஃபிட்டர் மேசையோடு சாய்ந்தார், காய்கள் சிதறின. ஆட்டக் கடிகாரத்தை எடுத்து அவர் வாயில் இறக்கினான். பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. விலக்க வந்த தையற்காரருக்கும் ஒன்று விழுந்தது, அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் நெருங்கவே பயந்தார்கள். ஃபிட்டர் திருப்பி அடிக்கவில்லை. தரையில் கிடந்தபடியே அவன் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவன் மற்ற காலால் விலாவில் மிதித்தான். உள்ளே என்னமோ முறிந்தது அவருக்கே கேட்டது. மிதிடா, நன்றாக மிதி, மிதிக்கிறவரைக்கும் நீ இங்கேதானே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டார். வலியில் அழுதார், அழுததில் அவருக்கு வெட்கம் இல்லை.

வாசலில் டிரைவர் வந்து நின்றதும்தான் பிடியை விட்டார்.

லக்கி டிரைவரைப் பார்த்தான், கீழே கிடந்தவரின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. அதற்குள் ஆட்களுக்குத் தைரியம் வந்து, நாலைந்து பேராக அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை, சிரித்தான்.

"எங்க போயிடுவா? போன தடவையும் இப்படித்தான் போனா. தானா வந்தாளா இல்லையா?"

அது பொய்யில்லை. போன தடவையும் வந்தாள், அதற்கு முந்தின தடவையும் வந்தாள். பஸ்ஸில் ஏற்றிவிடுவதோடு ஃபிட்டரின் திட்டமும் முடிந்துபோயிருந்தது.

டிரைவர் குனிந்து அவரைத் தூக்கி உட்கார வைத்தார். ஃபிட்டர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, தங்கை திரும்பிப் பார்த்தாளா என்று மட்டும் கேட்டார்.

டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "இறங்கிடறேன்னு எந்திரிச்சிட்டாங்கண்ணே. பாப்பாதான் சேலையப் பிடிச்சுக்கிட்டு விடல."