லெப்டொப் வாங்கப் போன இடத்தில் ஜெயராசா

ராமலட்சுமிக்கு கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணன் ஜெயராசாவுக்கும் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இருந்தும் ஹாலிஎலயில் பதுளை பஸ் ஏறியபோது, அவளுக்கும் மகளுக்கும் முன்னாலேயே அவர் ஏறி சீட் பிடித்திருந்தார். முப்பது வருஷம் தொழிற்சங்கத்தில் பேசியவர். பேச ஆள் இருக்குமென்றால் எங்கும் வருவார்.

மகள் கிருஷாந்தி உயர்தரம் படிக்கிறாள். தவணைப் பரீட்சையை இனி வீட்டிலிருந்தே லெப்டொப்பில் எழுத வேண்டுமாம். அதற்கென்று ஒரு மென்பொருள். எழுதுகிற பிள்ளையைக் கமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த லெப்டொப்பில் அது ஓடும், எதில் ஓடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.

பதுளையில் பர்ஹானின் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் ஜெயராசா வெள்ளி நிறத்தில் மெலிசாக இருந்த ஒன்றைத் தூக்கினார்.

"இதுதான்! பெரிய பெரிய ஆளுங்க மேசையில இருக்கிற சாமான்."

"மாமா, அது குரோம்புக். அதுல ஓடாதுன்னு தாள்ல போட்டிருக்கு" என்றாள் கிருஷாந்தி.

"தாள் எழுதினவனுக்கு என்னா தெரியும்?"

பர்ஹான், யாரோ பாவித்து விற்ற தடித்த கறுப்பு லெப்டொப் ஒன்றை எடுத்து வைத்தார். "ரொட்டிக் கல்லு மாதிரி இருக்கு" என்று ஜெயராசா முகத்தைச் சுளித்தார்.

ராமலட்சுமி தாளை மேசைமேல் வைத்தாள். "தம்பி, ரெண்டுலயும் அதைப் போட்டுக் காட்டுங்க. ஓடுறத நான் கண்ணால பாக்கணும்."

வெள்ளியில் மென்பொருள் ஏறவே இல்லை. கறுப்பில் ஏறியது. கிருஷாந்தி 'மாதிரிப் பரீட்சை' என்பதை அழுத்த, திரை முழுவதும் கேள்வித்தாள் விரிந்தது.

"நாப்பது நிமிஷம் அக்கா. இடையில நிப்பாட்ட ஏலாது" என்றார் பர்ஹான்.

"அப்போ எழுதிர்றேன்" என்று கிருஷாந்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் கேள்வியில் ஜெயராசா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரை சிவந்தது: வேறொருவரின் முகம் தெரிகிறது. அவர் மறுபக்கம் போய் எட்டினார். மறுபடி சிவந்தது.

"நான் தாய்மாமன்யா!" என்று லெப்டொப்பைப் பார்த்துக் கத்தினார்.

திரை மூன்றாவது தடவையும் சிவந்தது: பேச்சுச் சத்தம் கேட்கிறது. கடைசி எச்சரிக்கை.

தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரைமாரால்கூட அடக்க முடியாத வாய் அது. ராமலட்சுமி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அண்ணனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

"அண்ணே, இங்கனயே உக்காருங்க. உள்ள வந்தீங்க, புள்ள பெயில்."

பர்ஹான் நாற்காலியும் பிளேன்டீயும் அனுப்பினார். பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் ஜெயராசா லெப்டொப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நாற்பது நிமிஷமும் கறுப்பு லெப்டொப் ஒரு தடவைகூடத் திணறவில்லை. கிருஷாந்திக்கு எழுபத்தொரு புள்ளி. ராமலட்சுமி அதையே கட்டித் தரச் சொன்னாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "தம்பி, பரீட்ச இல்லாத நாள்லயும் இது எங்க அண்ணன வெரட்டுமா?"

"இல்லக்கா. பரீட்சை நேரம் மட்டுந்தான்."

"சரி, அந்த நேரமாவது அடக்குதே, அது போதும்" என்று பையை வாங்கிக்கொண்டாள்.