டின் பாலும் இரண்டு காசும்

மகள் துயென் சைகோனிலிருந்து வந்து கேமராவைப் பொருத்திவிட்டுப் போன அன்றே, கியெம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டார். வாத்து முட்டை அளவு இருந்தது. வெள்ளை நிறம். நடுவில் ஒரே ஒரு கண். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம். குனிந்து பார்த்தார், எம்பிப் பார்த்தார். முதுகிலிருந்து ஒரு வயர் சுவருக்குப் போனது. வேறொன்றும் இல்லை.

"கண்ணு இருக்கு. காது இல்ல," என்று முடிவு கட்டினார்.

துயென் அரை மணி நேரம் விளக்கத்தான் விளக்கினாள். ஆனால் காதைப் பற்றிய பகுதி வந்தபோது, அடுப்பில் மீன் தீய்ந்துவிடாமல் பார்க்க அவர் உள்ளே போயிருந்தார். திரும்பி வந்து எல்லாம் புரிந்தவர்போல் இரண்டு முறை தலையாட்டினார். எழுபத்து மூன்று வயது மனிதர் அவ்வளவு கம்பீரமாகத் தலையாட்டினால் அதற்குமேல் யார் கேள்வி கேட்பார்கள்?

கேமரா வந்ததற்குக் காரணம் சர்க்கரை. கறுப்புக் காப்பி வடிந்து இறங்குவதற்கு முன்பே கண்ணாடித் தம்ளரில் மூன்று விரல் உயரத்துக்கு டின் பாலை ஊற்றி வைத்துக்கொள்பவர் கியெம். மேலே ஐஸ். கரண்டி நிற்கும், அவ்வளவு கெட்டி. டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது ரத்தமா, பாகா?" என்று கேட்டாராம்.

"தெத் புத்தாண்டுக்குள்ள சர்க்கரை இறங்கணும்பா. டின் பாலைத் தொட்டீங்கன்னா மூணே மூணு எச்சரிக்கை. அப்புறம் வண்டி எடுத்துட்டு வந்துடுவேன். சைகோன்ல என் கண்ணு முன்னாலதான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் துயென்.

சைகோன் என்றால் இருபதாவது மாடி. கியெம் அங்கே ஒன்பது நாள் இருந்து பார்த்தவர். கதவுக்குச் சாவி கிடையாது, ஆறு எண்கள் தட்ட வேண்டும். அவருக்கு ஐந்துதான் நினைவில் நின்றது. சோறு வெந்ததும் குக்கர் பாட்டுப் பாடியது. கழிப்பறையில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் குனிந்து ஒன்றை அழுத்த, தண்ணீர் நேராக மூக்கில் அடித்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இறந்துபோன மனைவி லுவாவின் படத்துக்கு அந்த வீட்டில் ஒதுக்கியிருந்த இடம் பிரிட்ஜின் தலை. அந்தப் பெட்டியோ மணிக்கு நான்கு தடவை குலுங்கும். லுவாவும் சேர்ந்து குலுங்குவாள். உயிரோடு இருந்தவரை அவள் படகில்கூட ஏற மாட்டாள்.

ஆகவே சொந்த ஊரான சா டெக்கை விட்டு நகர்வதில்லை என்று கியெம் தீர்மானித்தார். டின் பாலை விடுவதில்லை என்றும் தீர்மானித்தார்.

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. கேமரா இருந்தது கூடத்தில், லுவாவின் படம் வைத்த பூசைப் பலகைக்கு எதிரே. அதனால் சமையலறையைப் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டு தாம், கால்வாய்ப் பக்கத்துப் பின்கதவு வழியாகச் சட்டைக்குள் டப்பாவை வைத்துக் கொண்டுவருவான். குடிப்பதெல்லாம் உள்ளே. குடித்து முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, கேமராவின் முன்னால் கசப்புத் தேநீரை முகம் சுளித்துக் குடிப்பார். அந்தச் சுளிப்புக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

சாயங்காலமானால் பூசைப் பலகைக்கு முன் மூன்று ஊதுவத்தி ஏற்றி லுவாவிடம் அன்றைய நடப்பைச் சொல்வது வழக்கம். அவள் இருந்தவரை அவளிடம் அவர் சொல்லாத பொய் இல்லை. ஆனால் செத்தவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. சொன்னாலும் செல்லாது, அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"லுவா, இன்னிக்கு மூணு காப்பி. மூணாவதுல பால் கொஞ்சம் கூடிப்போச்சு. கை நடுங்கிச்சுன்னு சொல்லலாம். ஆனா நடுங்கல."

மறுநாள் காலை போன் வந்தது.

"அப்பா, நேத்து மூணு காப்பியா? கை நடுங்காமலே பால் ஊத்தினீங்களாமே. இது மொத எச்சரிக்கை."

கியெம் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டார். "யாரு சொன்னா?"

"சொல்ல வேண்டியவங்கதான்."

நேரே பின்கதவைத் திறந்துகொண்டு தாம் வீட்டுக்குப் போனார்.

"டேய் தாம்! என் வீட்டுப் பின்வாசல்ல நுழைஞ்சு என் மகளுக்கு முன்வாசல்ல ஒப்பிக்கிறியா?"

மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த தாம் கத்தியோடு எழுந்தான். "நானா? அண்ணே, உன் மக போன் நம்பர் ஒண்ணுல ஆரம்பிக்குதா ரெண்டுல ஆரம்பிக்குதான்னுகூட எனக்குத் தெரியாது. பாலையும் வாங்கிக் குடுத்து பழியையும் நான் வாங்கிக்கணுமா? நாளையிலேர்ந்து நீயே போய் வாங்கிக்க!"

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கியெமுக்கு உறைத்தது. கை நடுங்காத விஷயம் தாமுக்கே தெரியாது. இந்த உலகத்தில் அதை அறிந்தவர் இரண்டே பேர். ஒன்று அவர். மற்றொருத்தி பூசைப் பலகைமேல், தங்கை மகள் கல்யாணத்தில் எடுத்த படத்தில், வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓ," என்றார் கியெம். "நீயா?"

அன்று சாயங்காலம் ஊதுவத்தி ஏற்றினார், ஆனால் கும்பிடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவ. ஒரு டப்பா பாலை உன்னால மறைக்க முடியலையா? மத்த வீட்டுப் பொம்பளைங்க செத்தா பிள்ளைங்க கனவுல போய் லாட்டரி நம்பர் சொல்றாங்க. நீ போய் கோள் சொல்றே! போ. இன்னிக்கு உனக்கு வாழைப்பழம்தான். மாம்பழம் கிடையாது."

மறுநாள் போனில் துயெனின் குரலில் ஏதோ ஒரு நடுக்கம் இருந்தது. சிரிப்பை அடக்குவதுபோலவும் இருந்தது.

"அப்பா, ரெண்டாவது எச்சரிக்கை. அம்மாவை ஏன் திட்டறீங்க? பாவம், வெறும் வாழைப்பழத்தை வச்சு ஏமாத்திட்டீங்களே."

லுவாவுக்கு இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? உயிரோடு இருந்தபோது சந்தைக்குப் போய்வர அரை நாள் எடுத்துக்கொள்வாளே.

நான்காம் நாள் தாம் சமாதானம் பேச வந்தான். கோபம் இன்னும் கொஞ்சம் மீதி இருந்ததால் பின்வாசலை விட்டு முன்வாசல் வழியாக, பெரிய மனிதன்போல வந்தான். சட்டைக்குள் டப்பா மட்டும் வழக்கம்போல இருந்தது. கியெம் நடந்ததை எல்லாம் சொன்னார். தாமின் பார்வை மெல்ல லுவாவின் படத்திலிருந்து எதிர்ப்பக்கம் திரும்பியது. வெள்ளை முட்டையின்மேல் நிலைத்தது.

"அண்ணே, இது கேக்குமே."

"எதால கேக்கும்? காது காட்டு பாப்போம்."

தாம் கிட்டே போய் விரலை நீட்டினான். "இந்தா, அடியில ஊசித் துளை மாதிரி."

"அதுல எறும்பே நுழையாது. என் பேச்சு எப்படிடா நுழையும்?"

"நல்லாவே நுழையுது அப்பா," என்றது முட்டை. "தாம் சித்தப்பா, சௌக்கியமா? சட்டைக்குள்ள என்ன, புதுசா தொப்பை?"

தாம் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த புறாக்கள் பறந்தன. சட்டைக்குள்ளிருந்து டப்பா நழுவி, தரையில் உருண்டு, கேமராவின் எதிரே வந்து அழகாக நின்றது. அதன் மேல் அச்சிட்டிருந்த படம்கூட நேராகத் தெரிந்தது. தாம் பெரிய மனிதனாக வந்த வழியை மறந்து பின்வாசல் வழியாக ஓடிப்போனான்.

கியெம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது பேசவும் பேசுமா?"

"அன்னிக்கே சொன்னேனே அப்பா. நீங்க தலையாட்டினீங்க. மொத நாள் நீங்க பேசினப்போ எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். திட்டினப்பதான் புரிஞ்சுது." துயெனின் குரல் தணிந்தது. "விளையாட்டு போதும்பா. மூணு எச்சரிக்கையும் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன். துணிமணியை எடுத்து வைங்க."

கியெம் லுவாவின் படத்தைப் பார்த்தார். அநியாயமாகப் பழி சுமத்திய இரண்டு நாளுக்கும் சேர்த்து மாம்பழம் பாக்கி வைத்திருந்தார். அவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"நான் வரேம்மா," என்றார் சாதுவாக. "பெத்த மக கூப்பிட்டா வராம இருப்பேனா? ஆனா உங்கம்மா?"

"அம்மாவையும்தான் கூட்டிட்டு வரப்போறோம்."

"அவகிட்ட கேக்காமலா?"

துயென் பெரிய ஆபீசில் நாற்பது பேருக்கு மேலதிகாரி. ஆனாலும் சா டெக்கில் பிறந்தவள். இறந்தவர்களின் சம்மதமில்லாமல் அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒரு முழம் நகர்த்தவும் அவளுக்குத் துணிச்சல் வராது.

"சரி," என்றாள் கடைசியில். "சனிக்கிழமை காசு போட்டுக் கேளுங்க. என் கண்ணு முன்னால."

"உன் கண்ணு முன்னாலதான். அதுதான் இங்கே இருக்கே," என்று கேமராவைக் காட்டினார்.

காசு போட்டுக் கேட்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பழைய காசுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும், மறுபக்கம் கறுப்பு. கேள்வியைச் சொல்லித் தட்டில் போட வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு விழுந்தால், போனவர் ஆமாம் என்கிறார். இரண்டும் வெள்ளை என்றால் பதில் சொல்லாமல் சிரிக்கிறார், மறுபடி கேட்க வேண்டும். இரண்டும் கறுப்பு என்றால் மாட்டேன் என்கிறார்.

சனிக்கிழமை மதியம், கண்ணுக்கு எட்டாத சமையலறையில், கியெம் ஒரு காசை எடுத்து இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசினார். மற்றதன் வெள்ளையை மீன் செதில் கத்தியால் சுரண்டி எடுத்தார். காய வைத்தார். தட்டில் பத்து முறை போட்டுப் பார்த்தார். பத்து முறையும் ஆமாம்.

ஆனால் செத்தவளிடம் மறைக்கக் கூடாதே. வாய்விட்டுச் சொன்னால் முட்டை கேட்டுவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்: 'லுவா, காசில் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். பிரிட்ஜை நினைத்துக்கொள். நடுவில் சிரித்துவிடாதே.' சாயங்காலம் ஊதுவத்தி ஏற்றியதும், காகிதத்தை அதன் நெருப்பில் காட்டிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டார்.

"என்னப்பா எரிக்கிறீங்க?" என்றது முட்டை.

"உங்கம்மா கைச்செலவுக்குக் காகிதக் காசு. எரிச்சாத்தானே அவளுக்குப் போய்ச் சேரும்." உயிரோடு இருப்பவர்களிடம் பொய் சொல்லத் தடை ஏதும் இல்லை.

தட்டைக் கேமராவுக்கு முன் வைத்தார். மிகக் கிட்டேயும் இல்லை, தொலைவாகவும் இல்லை. "தெரியுதாம்மா?"

"நல்லா தெரியுது."

காசுகளைக் கைக்குள் குலுக்கினார். "லுவா, உனக்கு இந்த வீட்டுலயே இருக்கத்தான் விருப்பமா?"

கிலுங். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"எதுக்கும் இன்னொரு தடவை கேக்கிறேன்," என்றார் நியாயவான்போல. வெள்ளை, கறுப்பு. மூன்றாவது தடவையும் வெள்ளை, கறுப்பு. "நான் என்ன பண்ண முடியும்? உங்கம்மா பிடிவாதம் தெரியாதா உனக்கு!"

"அம்மா சொன்னா சொன்னதுதான்," என்றாள் துயென். கியெம் தட்டை எடுக்கப் போனார். "இருங்கப்பா. நானும் அம்மாகிட்ட கேக்கணும். நான் கேக்கறேன், எனக்காக நீங்க போடுங்க."

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"அம்மா, அப்பா டின் பாலை அடியோட விட்டுடணுமா?"

கியெம் காசுகளைப் பார்த்தார். காசுகள் அவரைப் பார்த்தன. வேறு வழியில்லை. கிலுங். வெள்ளை, கறுப்பு.

"இந்தக் கேமரா இங்கேயே இருக்கட்டுமா?"

கிலுங். ஆமாம்.

"கடைசியா ஒண்ணு. அம்மா, சைகோன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள் துயென். முட்டைக்குள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. கியெம் காசுகளைத் தட்டிலிருந்து அள்ளிக்கொண்டார். சைகோனுக்கு வர்றீங்களா என்று கேட்டால் போச்சு. அதற்கும் அந்தப் பாழாய்ப்போன காசு ஆமாம் என்றுதான் விழும். ஒன்றை விழுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். துயென் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"...சைகோன்லேர்ந்து நான் மாசாமாசம் வந்து அப்பாவோட சமையலறையைச் சோதனை போடட்டுமா?"

வாழ்க்கையில் எந்தக் காசையும் கியெம் அவ்வளவு சந்தோஷமாகப் போட்டதில்லை. "ஆமாங்கிறா! தாராளமா வரச் சொல்றா!"

"அப்போ சரிப்பா. நாளைக்கு வண்டி வராது. வைக்கட்டுமா?"

முட்டை அமைதியானது. கியெம் நூறு வரை எண்ணினார். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த கடைசி டப்பாவை எடுத்துவந்து, தட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். காசுகளைச் சத்தமில்லாமல் குலுக்கி, மூச்சுக்காற்றிலேயே கேட்டார்.

"லுவா, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு?"

வெள்ளை, கறுப்பு.

"அம்மா இன்னிக்கு யார் எது கேட்டாலும் ஆமாங்கிறாங்களே," என்றது முட்டை. "டப்பாவைக் கீழ வைங்கப்பா. அந்தக் காசையும் திருப்பிக் காட்டுங்க."

கியெம் காசுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டப்பாவை இரண்டு கையாலும் ஏந்தி, மரியாதையோடு பூசைப் பலகைமேல் லுவாவின் முன் வைத்தார். "இது எனக்கில்லம்மா. உங்கம்மாவுக்குப் படையல். அவளுக்கு ரெண்டு நாள் பாக்கி இருக்கு."

படைத்தது ஊதுவத்தி அணைந்ததும் வீட்டில் இருப்பவருக்கு. அதுவும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த மூன்றிலும் ஒரு விரல் நீளம்தான் மிச்சம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படையலா? நல்லது," என்றாள் துயென். "அப்போ அந்தக் குட்டையானது எதுக்கு? கீழ் அலமாரியில, தெத்துக்கு வாங்கின சுருள் ஊதுவத்தி இருக்கு. அதை ஏத்துங்க. நாளை சாயங்காலம் வரைக்கும் நின்னு எரியும். அதுக்குள்ள மொத சோதனைக்கு நானே வந்து எடுத்துக்கறேன்."

கியெம் லுவாவைப் பார்த்தார். அவளைச் சிரிக்காதே என்று எழுதிக் கேட்டிருந்தார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

முனகிக்கொண்டே குனிந்து, கீழ் அலமாரியைத் திறந்தார்.