முதல் ஓலை

அந்த நாற்காலியில் இவர் உட்காரலாம் என்றால், இத்தனை வருஷமும் எதற்கு?

ஹெப்சிபா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட நினைக்கவில்லை. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவள், வந்த இடம் தப்பு என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடுவாளே, அப்படி ஓர் அலுப்பில் நினைத்தாள்.

கூடத்தில் அவளுடைய அப்பா வேதமுத்துவுக்கு எதிரே, சாய்வு நாற்காலியின் நுனியில் கிருபைராஜ் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இந்த வீட்டு வயலை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவர். முற்றத்தைத் தாண்டி உள்ளே வராதவர். 'ஏலே கிருபை' என்ற குரலுக்குத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்.

"நல்லா சாஞ்சி உக்காரும்வே. நம்ம வீடுதானே" என்றார் அப்பா.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

முன்பெல்லாம் எசமான், இப்போது அண்ணாச்சி. அப்பா முகம் சுளிக்கவில்லை.

அம்மா சாலோமி கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவள் கை புறவாசல் மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைத் தம்ளரை எடுத்துவிட்டது. வயலாட்களுக்கென்று ஒதுக்கிய தம்ளர். எடுத்த பிறகுதான் திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள்.

"கையி மறக்கமாட்டேங்குதுட்டி" என்று முணுமுணுத்து, வெள்ளித் தம்ளருக்கு மாற்றினாள்.

இரண்டு வீட்டுப் பகையும் ஒரு பெஞ்சில் தொடங்கியது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லாரும் ஒரே வேதம். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். ஆனால் கோவிலுக்குள் நிலம் உள்ளவர்களுக்குப் பெஞ்சு. அந்த நிலத்தில் உழுகிறவர்களுக்குப் பின்னால் பாய். ஒரு கிறிஸ்மஸுக்குக் கிருபைராஜ் வேப்பமரத்தில் சொந்தமாக ஒரு பெஞ்சு செய்து கொண்டுவந்து, முன்வரிசையில் போட்டு, குடும்பத்தோடு உட்கார்ந்தார். ஆராதனை முடிவதற்குள் வேதமுத்துவின் ஆட்கள் அதை வெளியே தூக்கி மழையில் போட்டார்கள். மறுவாரம் வாரநிலமும் பறிபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுப் பள்ளியில் ஹெப்சிபாவும் கிருபைராஜின் மகன் பாக்கியசீலனும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது. அவன் பாடும்போது வெட்கம் வந்தால் இடது காதைத் தேய்த்துக்கொள்வான். அவ்வளவுதான் தொடக்கம். பிறகு வெள்ளைக்காரக் குருவானவரிடம் இருவருமாகப் போய்க் கலியாணத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார்.

கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு கோவிலில் இருவர் பெயரையும் வாசித்து, 'தடை உள்ளவர்கள் சொல்லலாம்' என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். ஓலை வாசிக்கிற நாளில் மணப்பெண் கோவிலுக்கு வருவது ஊரில் வழக்கமில்லை. வெட்கம் என்று சொல்வார்கள். எல்லாருக்கும் பேச உரிமை உள்ள அந்த நிமிஷத்தில் அவள் ஒருத்தி மட்டும் அங்கே இருக்கமாட்டாள். ஹெப்சிபாவும் தலைவலி என்று சொல்லி வீட்டில் படுத்திருந்தாள்.

நடந்ததை அம்மா வந்து சொன்னாள். முன் பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து, "பெத்தவன் நான் தடை சொல்லுதேன்" என்றாராம். பின்னாலே பாயிலிருந்து கிருபைராஜும் எழுந்து, "எனக்கும் இஷ்டமில்லே. அந்த வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்றாராம். அந்த இரண்டு பேரும் ஒரு காரியத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

அப்புறம் கிருபைராஜ் மகனை அழைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். கடை வைத்தார்கள், கடை பெருத்தது. பாக்கியசீலனுக்கு அங்கே கலியாணமும் ஆயிற்று. போன வருஷம் காய்ச்சலில் மனைவி இறந்துபோனாள். ஹெப்சிபா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வந்த வரன் எதற்கும் சம்மதிக்கவில்லை. 'பிடிவாதக்காரி' என்றார்கள். பிறகு அதையும் சொல்லாமல் விட்டார்கள்.

ஜார்ஜ் ராஜா பட்டாபிஷேகத்துக்கு மறுவருஷம் கிருபைராஜ் ஊருக்குத் திரும்பி, கால்வாயின் மேல்தலையில் மடையோடு சேர்ந்த நிலத்தை வாங்கினார். கார் சாகுபடிக்கு அந்த மடையைக் கீழ்வயல்களுக்குத் திறந்துவிடவில்லை. வேதமுத்துவின் பயிர் கதிர் வாங்கும் நேரத்தில் கருகிற்று.

கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மடையத் தொறக்க ஆளுகிட்ட சொல்லியாச்சு அண்ணாச்சி. பெஞ்சி?"

"ஒம்ம பெஞ்சி எம் பெஞ்சிக்குப் பக்கத்துல. நானே போடச் சொல்லுதேன்."

"பொறவு, பிள்ளைங்க காரியம்..."

"அது என்னவே பேச்சு? அவ ஆசப்பட்டதுதானே. வார ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சிருவோம்." அப்பா உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "அம்மா ஹெப்சி, காப்பி கொண்டா தாயி."

ஏட்டி என்பதைத் தவிர வேறு சொல்லால் அப்பா அவளைக் கூப்பிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டபின் பாக்கியசீலன் வாகை மரத்தடியில் நின்றான். நெற்றி ஏறியிருந்தது. கொழும்புக் கோட்டு அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"சௌக்கியமா ஹெப்சி?"

"இருக்கேன். ஒங்க வீட்டுல தவறினது கேள்விப்பட்டேன். வருத்தமா இருந்திச்சி."

"ம்... நீ சரின்னுட்டேன்னு அப்பா சொன்னாக."

"எங்கிட்ட யாரு கேட்டா?"

அவன் இடது காதைத் தேய்த்தான். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. இவ்வளவு நாளும் அது சாகவில்லையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு வார்த்தைதானே. அந்தக் குரலைத் தினமும் கேட்கலாம். இந்தப் பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புத் தூசி வேண்டாம்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லுவீகளா? அன்னைக்கு ஒங்க அப்பா எந்திரிச்சப்ப நீங்க என்ன செஞ்சீக?"

அவன் பொய் சொல்லவில்லை. "பாயில ஒரு ஓரம் பிஞ்சி கெடந்துது. அதையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"இப்ப?"

"இப்பதான் எல்லாரும் சம்மதிச்சாச்சே ஹெப்சி. மடை, பெஞ்சி எல்லாம் பேசி முடிச்சிட்டாக. இனி நாம குறுக்க நிக்கப்படாது."

அவன் நல்லவன்தான். அன்றைக்கும் நல்லவன்தான். வேண்டாம் என்றபோது கேட்டுக்கொண்டான். வேண்டும் என்கிறபோதும் கேட்டுக்கொள்கிறான். தான் காத்துக்கொண்டிருந்தது இவனுக்காக இல்லை, அந்தப் பாயிலிருந்து எழுந்து நிற்கக்கூடிய ஒருவனுக்காக என்று அவளுக்குத் தோன்றிற்று. அப்படி ஒருவன் அங்கே உட்காரவே இல்லை.

"பைய போங்க. வண்டிப்பாதை சகதியா கெடக்கு" என்றாள்.

ஞாயிறு காலையில் அவள் வெள்ளைச் சேலை உடுத்தி வெளியே வந்தாள். அப்பா முன்னாலேயே போய்விட்டிருந்தார். அம்மா வாசலில் மறித்தாள்.

"எங்கட்டி கெளம்பிட்ட?"

"கோயிலுக்கு."

"கிறுக்கா ஒனக்கு? இன்னைக்கு ஒன் ஓலை. பொண்ணு வரப்படாது. ஊரு சிரிக்கும்."

"நான் வீட்டுல இருந்தப்பவும் சிரிக்கத்தானம்மா செஞ்சாக."

"ஒங்க அப்பா வயலு காஞ்சிருமேட்டி."

"தெரியும்மா."

சாலோமி மறித்திருந்த கையை எடுத்தாள். பிறகு கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கூடவே நடந்தாள்.

கோவிலில் பெண்கள் பக்கம் சலசலத்தது. "என்னா, மாப்பிள்ளையப் பாக்க அவ்வளவு அவசரமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் இரண்டு பெஞ்சுகள் அடுத்தடுத்து இருந்தன. புது வார்னிஷ் வாசனை இங்கே வரை வந்தது. இரண்டு தகப்பன்மாரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாய்கள் பழைய இடத்திலேயே இருந்தன. அவற்றில் இப்போது வேறு ஆட்கள்.

புதிதாக வந்திருந்த இளவயதுக் குருவானவர் பெயர்களை வாசித்தார். "பாக்கியசீலனுக்கும் ஹெப்சிபாவுக்கும் விவாகம் நடத்த உத்தேசித்திருக்கிறது. முதலாம் ஓலை. தடை ஏதேனும் தெரிந்தவர்கள் இப்போது சொல்லலாம்."

வழக்கத்துக்குக் கொஞ்சம் நிறுத்தி, அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

"ஐயா."

எல்லாத் தலைகளும் முதலில் ஆண்கள் பக்கம்தான் திரும்பின. அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஹெப்சிபா நின்றுகொண்டிருந்தாள்.

"தடை இருக்கு ஐயா."

குருவானவர் குழம்பினார். "ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வந்து சம்மதம் சொன்னாங்களே அம்மா. தடை யாருக்கு?"

"பொண்ணுக்கு. எங்கிட்ட யாரும் கேக்கல்லே."

முன் பெஞ்சுகளிலிருந்து இரண்டு முகங்கள் ஒன்றாகத் திரும்பின. அப்பாவின் உதடு ஏட்டி என்று அசைந்தது. பாக்கியசீலன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புதுப் பெஞ்சின் கீழே பாய்கூட இல்லை.

"சரி, இப்ப நான் கேக்கேன்" என்றார் குருவானவர், தணிந்த குரலில். "வேணும்னா யோசிச்சி, அடுத்த ஞாயிறு சொல்லுதியாம்மா?"

"யோசிச்சாச்சு ஐயா, இந்தக் கலியாணம் வேண்டாம்," என்றாள் அவள். "அடுத்த பாட்டச் சொல்லுங்க."

சாலோமி பாட்டுப் புத்தகத்தை விரித்து மகள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.