உஸ்மான் கனியின் மூன்று எறி

ஆவடிப் பட்டாளக் கிடங்கு டீமின் கேப்டன் ராஜசேகரன் மார்கழி பிறந்த வாரத்தில் பூந்தமல்லிக்கு வந்தார். சந்தைத் திடலில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் விஷயத்தைச் சொன்னார். எங்கள் கூடைப்பந்து டீமிலிருந்து உஸ்மான் கனியை அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கிடங்கிலேயே அவனுக்குத் தோல் தைக்கும் வேலை. பதிலுக்கு எங்களுக்குப் புதுத் தோல் பந்து ஒன்று, உள்ளே காற்றடைக்கும் ரப்பர் பிளாடர் இரண்டு, கூடவே அவர்களுடைய ஆட்டக்காரன் கோவிந்தன்.

"கோவிந்தன் பனமரம் மாரி ஒசரம்," என்றார்.

"பனமரம் மாரியேதான் நிப்பான் சார். பந்து வந்து மேல பட்டாக்கூட திரும்பிப் பாக்க மாட்டான்," என்றான் எங்கள் டீம் வேம்புலி.

எல்லோரும் சிரித்தோம். எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. யுத்தம் வந்த பிறகு ரப்பர் என்பது கண்ணில் படாத சாமானாகிவிட்டது. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பந்து. மேல்தோல் பிரியும்போதெல்லாம் உஸ்மான் கனி தன் தகப்பனாரின் கடையில், ஜட்கா குதிரைக்கு வார் தைக்கும் ஊசியாலேயே தைத்துவிடுவான். உள்ளே இருக்கும் பிளாடருக்கு வைத்தியம் பார்ப்பது சைக்கிள் கடை வைத்திருந்த எத்திராஜ். ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு, இனி ஒட்ட இடமில்லை என்று அவன் சொல்லியே ஒரு மாதம் ஆகிறது. ஆட்டம் பாதிக்கு வருவதற்குள் பந்து நேற்றுச் சுட்ட பூரிபோல் அமுங்கிவிடும்.

என் எண்ணம் வேறு. மாட்டுப் பொங்கலன்று ஆவடியோடு ஆடுவது வழக்கம். வருஷா வருஷம் தோற்பதும் வழக்கம். இந்த வருஷம் எங்களிடம் உஸ்மான் கனி இருந்தான். போன மாதம் சும்மா ஆடிய ஆட்டத்தில் அவர்கள் டீம் முழுதும் போட்டதைவிட இவன் ஒருவன் போட்டது அதிகம். அதனால்தான் ராஜசேகரன் புதுப் பந்தோடு வந்திருக்கிறார். கேப்டன் என்ற முறையில் நான் அவனை விடுவதாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் டீம் கூடியது.

"ஆள வெச்சிகினு பந்து இல்லாம இன்னா பண்ணுவ பரந்தாமா? தேங்காய வெச்சா ஆடுவ?" என்றான் எத்திராஜ்.

"பந்த வெச்சிகினு ஆள் இல்லாம நீ இன்னா பண்ணுவ? படையல் போடுவியா?" என்றேன் நான்.

பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். இப்படி ஆனால் எங்களிடம் ஒரு வழி உண்டு. பேச்சை நிறுத்திவிட்டுப் பந்தை எடுப்போம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள், ஆளுக்கு மூன்று எறி. எந்தப் பக்கம் பேர் சொல்கிறதோ அதற்கு அந்த ஆள் எறிய வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. முடிவை அப்புறம் யாரும் கிளறக் கூடாது. நான் கேப்டன் ஆனதும் அப்படித்தான். அன்று என்னிடம் தோற்றவன் எத்திராஜ்.

வழக்கைக் கொண்டுவந்தவன் முதலில் பேர் சொல்ல வேண்டும். எத்திராஜ் வாயைத் திறந்தான்.

"எங்க ஆளு உஸ்மான் கனி."

வேம்புலி துள்ளிக் குதித்தான். "அடப்பாவி! அவன அனுப்பறதுக்கு அவனையே எறியச் சொல்றியா?"

"கூடாதுன்னு எங்கனா கீதா?"

எங்கும் இல்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தோம்?

உஸ்மான் கனி என்னைப் பார்த்தான். 'நான் எங்கியும் போல அண்ணாத்தே' என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தான். வேம்புலி அவன் காதருகே போய், எங்களுக்கும் கேட்கிற மாதிரியே, "மச்சான், ஒண்ண வெளிய வுட்டுடு. யார் கேக்கப் போறா?" என்றான்.

"வேணும்னே வெளிய வுட்டா, அப்பறம் நா போடற எந்தப் பந்த நீ நம்புவ?"

"ஒழுங்கா எறி உஸ்மான்," என்றேன் நான்.

பனந்தூணில் அடித்திருந்த பீப்பாய் வளையத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். முதல் பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. எத்திராஜ் பம்பை வைத்துக் காற்றடித்துக் கொடுத்தான். மூன்றாவதும் உள்ளே.

எங்கள் பக்கத்துக்கு நான் எறிந்தேன். இரண்டைப் போட்டேன். மூன்றாவது, வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. எத்திராஜ் பம்பைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். ஜெயித்தவன் முகமாக இல்லை.

"பரந்தாமா, இத்த வுட்டுடலாம். அவனுக்கு இங்கியே இருக்க ஆசன்னா வெளிய எறிவான்னு நெனச்சேன். அவனையே கேட்டா மாரி இருக்கும்னுதான் அவன் பேரச் சொன்னேன். இவன் இன்னாடான்னா..."

"வாயால கேட்டிருந்தா வாயால சொல்லியிருப்பேன்," என்றான் உஸ்மான் கனி. "பந்தக் குடுத்தா போடத்தான் தெரியும்."

"அப்ப இது செல்லாது. இன்னா பரந்தாமா, நீதானே அவன் வேணும்னு குதிச்ச? செல்லாதுன்னு சொல்லு!" என்றான் எத்திராஜ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், அவன் எங்களோடு இருந்துவிடுவான். ஆனால் இந்த எறி செல்லாது என்றால், என்னைக் கேப்டன் ஆக்கிய எறி மட்டும் எப்படிச் செல்லும்? நாளைக்கு அடுத்த சண்டை வரும்போது எதை எடுத்து வைப்போம்?

"செல்லும்," என்றேன். "அவன் போறான்."

உஸ்மான் கனி தலையாட்டினான். பந்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "உங்க மூணாவது உள்ள போவணும்னு துவா பண்ணேன் அண்ணாத்தே," என்றான்.

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கி உன்ன மறிக்கப் போறது நாந்தான். எறியறதுக்கு முன்ன எடது கால்ல சாயுவ. எனக்குத் தெரியும்."

"அதுக்குள்ள மாத்திக்கறேன்," என்று சிரித்தான்.

அந்த வாரமே அவன் ஆவடிக்குப் போனான். பந்தும் கோவிந்தனும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். புதுத் தோலின் வாசனை திடல் முழுக்க அடித்தது. எத்திராஜ் பம்பை எடுத்து வரவே இல்லை; அதற்கு வேலையும் இல்லை.

கோவிந்தனை வளையத்தடியில் நிறுத்திப் பந்தை வீசினேன். அது அவன் மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. வேம்புலி என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"எடு கோவிந்தா," என்றேன். "மறுபடி."